மூலப்படி காத்த இசைப் பேராசிரியர்

இசைவாணர் அரசியலில் புகலாமா என்பது பழைய வினா. பாட வல்லவருக்கு ஆளவும் வருமா என்று ஐயுறுவோர் பலர். இசை மனத்தை உருக்குவது. ஆட்சியோ கணக்கும் கண்டிப்பும் வேண்டுவது. ஆதலின் இரண்டும் ஒருவரிடத்தில் பொருந்துதல் அரிது என்பது அவர்கள் கருத்து. இக்கருத்து முழுதும் உண்மையா என ஆராய்வதற்கு ஐரோப்பாவின் வரலாறு நமக்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது. ஒருவர் போலந்து நாட்டின் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் பாடெரெவ்ஸ்கி. அவர் 1919ஆம் ஆண்டில் தம் நாட்டின் பிரதமராகி, வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். ஆயினும் ஓராண்டு நிறையும் முன்னரே அப்பதவியை விட்டு விலகினார். மற்றொருவர் போலந்தின் அண்டை நாடாகிய லித்துவேனியாவில் தோன்றியவர். பியானோ வாசிப்பவர், இசை வரலாற்றை ஆராய்பவர், கல்லூரிகளில் மாணவர்க்கு இசை கற்பித்தவர். தம் ஐம்பத்தைந்தாம் அகவை வரையில் அரசியல் மேடை ஏறாத அவர், அதன்பின் இரண்டே ஆண்டுகளில் தம் நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் பெயர் வீத்தவுத்தாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ். இன்று அவரைப் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் இசைவாணன் அல்லேன்; அரசியலிலும் ஈடுபட்டவன் அல்லேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆசிரியர் ஒருவர் நாட்டுத் தலைவரானால், வகுப்பறையிலிருந்து எதை உடன் எடுத்துச் செல்கிறார் என்று அறியும் ஆவல் எனக்கு என்றும் உண்டு. லாண்ட்ஸ்பெர்கிஸின் வாழ்க்கையைப் படித்தபோது அதற்கொரு தெளிவான விடை கிடைத்தது. அவ்விடையை முன்கூட்டியே சொல்லிவிடாமல், நிகழ்ச்சிகளின் வாயிலாகவே காண்போம்.

முதலில் நாட்டைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். லித்துவேனியா பால்டிக் கடலின் கீழ்க்கரையில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 65,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பில் பாதி என்று கொள்ளலாம். 1989ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த மக்கள் சற்றேறக்குறைய முப்பத்தேழு இலட்சம் பேர். தலைநகர் வில்னியுஸ். அவர்களுடைய மொழி, இந்தோ-ஐரோப்பிய மொழிகளுள் மிகப் பழைய வடிவங்களை இன்றும் காத்து வைத்திருப்பது என்று மொழிநூலார் கூறுவர். வடமொழியில் மகனைச் ‘சூனு’ என்பர். லித்துவேனியர் ‘சூனுஸ்’ என்பர். நாம் அக்கினி என அறிந்த தீயை அவர்கள் ‘உக்னிஸ்’ என்கிறார்கள். நம் பழைய நூல்களில் ‘தூமம்’ என வரும் புகை அவர்கள் வாயில் ‘தூமாய்’ ஆகிறது.

இத்தகைய தொன்மை வாய்ந்த மொழிக்கு ஒரு பெருந்தீங்கு நேர்ந்தது. அந்நாடு ருசியப் பேரரசின் கீழ் இருந்த காலத்தில், இலத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடுதல் தடை செய்யப்பட்டது. 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. எல்லைக்கு அப்பால், அந்நாளில் செருமானியர் ஆட்சியில் இருந்த கிழக்குப் பிரசியாவில், நூல்களை அச்சிட்டு, மூட்டைகளாகக் கட்டி, இரவில் எல்லைக் காவலர் கண்ணில் படாமல் சுமந்து வந்து ஊர்தோறும் வழங்கினர். அவ்வாறு சுமந்தோரைப் ‘புத்தகம் சுமந்தோர்’ என்ற பெயராலேயே அம்மக்கள் இன்றும் போற்றுகின்றனர். அகப்பட்டவர்களுக்குக் கிடைத்த தண்டனை சிறையும் நாடுகடத்தலும் ஆகும்.

லாண்ட்ஸ்பெர்கிஸின் குடும்பம் இந்த மொழிப்போராட்டத்தில் ஊறியது. தந்தைவழிப் பாட்டனார் நாடகாசிரியர். தாய்மொழி மறுமலர்ச்சிக்கு உழைத்தவர். தாய்வழிப் பாட்டனார் யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ் ஒரு பள்ளியாசிரியர். இற்றை லித்துவேனிய எழுத்து நடைக்கு வரம்பு வகுத்த இலக்கணப் பேரறிஞர் அவரே. அவருடைய மொழிப்பற்றைக் கண்டு அஞ்சிய அரசினர், அவரைத் தொலைவிலுள்ள வேறு நகரத்துப் பள்ளிக்கு மாற்றினர். அவர் எழுதிய இலக்கண நூல் 1901இல் எல்லைக்கு அப்பால், புனைபெயரிலேயே அச்சேற முடிந்தது. பேரனாருக்குத் தந்தையோ கட்டடக் கலைஞர். தாய் கண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் நாசிகள் யூதரைக் கொன்று குவித்தபோது, அடைக்கலம் புகுந்தவரை மறைத்துக் காத்த பெருமாட்டி அவ்வம்மையார். இக்குடும்பத்தில் 1932ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், கௌனாஸ் நகரில் வீத்தவுத்தாஸ் பிறந்தார்.

அவர் பிறந்தபோது லித்துவேனியா தனிநாடாக இருந்தது. 1918ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அது தன் விடுதலையை அறிவித்திருந்தது. ஆனால் அச்சிறுவனுக்கு எட்டு வயது நிரம்புமுன் அவ்விடுதலை பறிபோயிற்று. 1939இல் இட்லரின் செருமனியும் சுடாலினின் சோவியத் ஒன்றியமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனோடு மறைவான இணைப்புகளும் எழுதப்பட்டன. இடையிலுள்ள சிறு நாடுகளை யார் யார் கொள்வது என்பதே அவற்றின் பொருள். அதன்படி 1940 சூன் மாதத்தில் சோவியத் படை லித்துவேனியாவினுள் புகுந்தது. அடுத்த ஆண்டு செருமானியர் வந்தனர். 1944இல் சோவியத் படை திரும்பி வந்தது. அதன்பின் பல்லாயிரம் குடும்பங்கள் சைபீரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. லாண்ட்ஸ்பெர்கிஸின் மனைவியாராக வாய்த்த கிராசினா அம்மையாரும் இளமையில் சைபீரியாவின் குளிரைத் துய்த்து மீண்டவரே. அவரும் பியானோக் கலைஞர்.

இனி, இசையறிஞராக அவர் செய்த பணியைக் காண்போம். 1955இல் வில்னியுஸ் இசைக்கல்லூரியில் தேர்ச்சி பெற்ற லாண்ட்ஸ்பெர்கிஸ், தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு ஒருவரைத் தேர்ந்துகொண்டார். அவர் சியுர்லியோனிஸ் என்னும் மேதை. 1875இல் பிறந்து 1911இல், முப்பத்தைந்து வயதிலேயே மறைந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஓர் எளிய மனிதரின் மகன். இசையும் இயற்றினார், ஓவியமும் தீட்டினார். தம் ஓவியங்கள் சிலவற்றிற்குச் ‘சொனாட்டா’ என்று இசைவடிவங்களின் பெயரையே இட்டார். காட்டைப் பற்றியும் கடலைப் பற்றியும் பல்லியக் குழுவுக்கென அவர் இயற்றிய பேரிசைகள் இரண்டு உண்டு. இதில் வியப்பு யாதெனின், போலிய மொழி பேசி வளர்ந்த அவர், தம் மனைவியாரிடமிருந்தே லித்துவேனிய மொழியை நன்கு கற்றார். அவருடைய மறைவுக்குப் பின் கையெழுத்துச் சுவடிகள் பல நிலைகளில் எஞ்சி நின்றன. தெளிவின்றி எழுதியவை, அடித்தல் திருத்தல் மிக்கவை, பிறர் பதிப்பிக்குங்கால் தம் விருப்பம்போல் மாற்றிவிட்டவை எனப் பல வகை.

சுவடிப் பதிப்பு வேலையின் அருமை நம் நாட்டாருக்குப் புதிதன்று. ஒரு பாடம் சரியா, மற்றது சரியா என்று இரவும் பகலும் ஒப்பு நோக்க வேண்டும். இடையில் எவரோ சேர்த்த வரியை நீக்க வேண்டும். எவரோ அழித்த வரியை மீட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் எழுதியது இதுவே என்று துணிந்தபின், உலகமே வேறு பாடத்தைப் பாடினும் அசையாது நிற்க வேண்டும். இருபது முப்பது ஆண்டுகள் லாண்ட்ஸ்பெர்கிஸ் இப்பணியைச் செய்தார். சியுர்லியோனிஸைப் பற்றி நூல்கள் எழுதினார். அவருடைய பியானோ இசையைத் தாமே வாசித்தும் பரப்பினார். கம்யூனிஸ்டுக் கட்சியில் அவர் ஒருபோதும் சேரவில்லை. மாணவர் நடுவே, பழைய இசைச்சுவடிகள் நடுவே, அமைதியாகக் காலம் கழித்தார். வெளியே அவரை அறிந்தோர் சிலரே.

1985இல் கொர்பச்சோவ் சோவியத் ஒன்றியத்தின் தலைமையை ஏற்றார். பேச்சுரிமைக்கு இருந்த தடை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. 1988ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள், வில்னியுஸில் அறிவியற் கழகத்தின் மண்டபத்தில் அறிஞரும் கலைஞரும் கூடி, முப்பத்தைந்து பேர் கொண்ட தொடக்கக் குழு ஒன்றைத் தேர்ந்தனர். அதற்கு இட்ட பெயர் ‘சாயூதிஸ்’. அச்சொல்லுக்கு ‘இயக்கம்’ என்பதே பொருள். அம்முப்பத்தைவருள் ஒருவர் நம் பேராசிரியர். கட்சியில் இருந்தோரும் அக்குழுவில் இருந்தனர், இல்லாதோரும் இருந்தனர். அவ்வாண்டு இறுதியில், இயக்கத்தின் பேரவைக்கு லாண்ட்ஸ்பெர்கிஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இயக்கத்தார் முதலில் கூட்டம் கூட்டிய இடங்களுள் ஒன்று வில்னியுஸின் விங்கிஸ் பூங்கா. அதை அவர்கள் ஏன் தேர்ந்தார்கள் என்பதை அறிதல் நன்று. அந்நாட்டில் 1924 முதலே பெரும் பாடல் விழாக்கள் நடந்து வருகின்றன. ஊர்தோறும் உள்ள பாடற் குழுவினர் ஆயிரக்கணக்கில் ஒரே மேடையில் கூடிப் பாடுவர். அதற்கெனவே 1960இல் விங்கிஸ் பூங்காவில் ஒரு பெருமேடை எழுப்பப்பட்டது. சோவியத் ஆட்சியிலும் அவ்விழாக்கள் நின்றுவிடவில்லை. அயலாட்சியைப் புகழும் பாடல்களைச் சேர்த்துப் பாடச் சொன்னார்கள், மக்களும் பாடினார்கள், ஆனால் தம் நாட்டுப் பழம்பாடல்களையும் மறவாது பாடினார்கள். பல்லாயிரவர் ஒரே மூச்சில் பாடிப் பழகிய இடத்தில், பல்லாயிரவர் ஒரே குரலில் உரிமை கேட்பது அரிதன்று. 1988 ஆகஸ்டு 23ஆம் நாள் அப்பூங்காவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். எசுத்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளிலும் நிகழ்ந்த அவ்வெழுச்சியைப் ‘பாடும் புரட்சி’ என்று உலகம் அழைத்தது.

ஓராண்டு கழித்து, 1989 ஆகஸ்டு 23ஆம் நாள், இட்லர்-சுடாலின் உடன்படிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், அம்மூன்று நாட்டு மக்களும் தாலின் நகரிலிருந்து ரீகா வழியாக வில்னியுஸ் வரையில் கைகோத்து நின்றனர். தொலைவு அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். நின்றவர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. மாலை ஏழு மணிக்குக் கால்மணி நேரம் கைகள் இணைந்தன. அத்துணைப் பெரிய வரிசையை ஒழுங்கு செய்தது எது என்று கேட்பீராயின், அது வானொலியே. எவ்விடத்தில் ஆள் குறைவு, எவ்விடத்தில் மிகுதி என்பதை அறிவித்து மக்களை நடத்தியது அது. கையில் சிறு வானொலிப் பெட்டியுடன் நின்றோர் பலர்.

அவ்வாண்டிலேயே மாஸ்கோவில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் பேரவைக்கு லித்துவேனியாவிலிருந்து சென்ற 42 பேருள் 36 பேர் இயக்கத்தின் ஆதரவு பெற்றவர்கள். லாண்ட்ஸ்பெர்கிஸும் சென்றார். அங்கே அவர் பற்றிக்கொண்ட பொருள், 1939ஆம் ஆண்டின் மறை இணைப்புகளே. அப்படி ஒன்று எழுதப்படவேயில்லை என்று மாஸ்கோ ஐம்பதாண்டு காலம் மறுத்து வந்தது. செருமானியரிடம் இருந்த படங்களை மேனாட்டார் வெளியிட்டும், மூலப்படி எங்கே என்ற கேள்வியை எழுப்பி அவற்றைத் தள்ளி வந்தனர். இதனை ஆராய யாக்கொவ்லெவ் என்பவர் தலைமையில் அமைந்த குழுவில் நம் பேராசிரியரும் இடம்பெற்றார். மூலப்படி கைக்கு எட்டவில்லை. ஆனால் அவ்விணைப்புகள் ஓர் அலுவலரிடமிருந்து மற்றோர் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காட்டும் அலுவலகச் சீட்டு ஒன்று அகப்பட்டது. 1989 திசம்பர் 24ஆம் நாள் சோவியத் பேரவையே அவ்விணைப்புகளைக் கண்டித்து, அவை தொடக்கமுதலே செல்லாதவை எனத் தீர்மானித்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1992இல், மூலப்படிகளும் மாஸ்கோ ஆவணக் களரியிலிருந்து வெளிப்பட்டன.

இங்கேதான் நான் முன்பு சொன்ன விடை புலப்படுகிறது. அந்நாளில் பலர், ‘சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து போகும் உரிமை வேண்டும்’ என்று கேட்டனர். லாண்ட்ஸ்பெர்கிஸும் அவருடைய நண்பர்களும் அச்சொல்லை ஏற்கவில்லை. ‘நாங்கள் முறைப்படி சேர்ந்திருந்தாலன்றோ பிரிவதற்கு? எங்கள் நாடு 1918இல் அமைந்தது. 1940இல் படைவலியால் அது மறைக்கப்பட்டது, மறைக்கப்பட்டதேயன்றி மறைந்துவிடவில்லை. நாங்கள் வேண்டுவது பிரிவினை அன்று; மீட்பு’ என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். இரண்டுக்கும் வேற்றுமை சிறிது போலத் தோன்றலாம். ஆனால் பிரிவினை என்றால் மாஸ்கோவின் சட்டப்படி, மாஸ்கோ விதிக்கும் காலவரையறைக்குக் கட்டுப்பட்டுக் காத்திருக்க வேண்டும். மீட்பு என்றால் யாரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. இடையில் பிறர் புகுத்திய வரிகளை நீக்கி, ஆசிரியரின் மூலப்பாடத்தை நிலைநாட்டும் பதிப்பாசிரியரின் உள்ளம் இது. வகுப்பறையிலிருந்தும் சுவடி அறையிலிருந்தும் அவர் எடுத்துச் சென்ற கருவி இதுவே என்பது என் துணிபு.

1990 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. இயக்கத்தின் ஆதரவு பெற்றோரே பெரும்பான்மை பெற்றனர். மார்ச்சு 11ஆம் நாள் உச்சப் பேரவை கூடியது. தலைவர் பதவிக்குக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் பிரசௌஸ்காசும் லாண்ட்ஸ்பெர்கிஸும் போட்டியிட்டனர். முன்னவருக்கு 38 வாக்குகள். இசைப் பேராசிரியருக்கு 91. அன்றிரவே விடுதலைச் சட்டம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவாக 124 பேர், வாக்களியாதிருந்தோர் 6 பேர், எதிர்த்தவர் ஒருவருமில்லை. அச்சட்டத்தின் பெயரே ‘லித்துவேனிய நாட்டின் விடுதலை நிலையை மீட்டமைத்தல்’ என்பதாகும். அதோடும் அமையவில்லை. போருக்கு முன்னிருந்த 1938ஆம் ஆண்டின் அரசியலமைப்பை முதலில் உயிர்ப்பித்தனர். பழையது இன்றும் உயிருடையது என்று காட்டிய பின், அதைக் காலத்துக்கேற்ற இடைக்கால அடிப்படைச் சட்டத்தால் உடனே மாற்றினர். மூலத்தை நிறுவிவிட்டுத் திருத்தத்தை மேற்கொண்ட முறைமை கருதத்தக்கது.

சோவியத் குடியரசுகளுள் இவ்வாறு முதன்முதலில் விடுதலை அறிவித்தது இச்சிறு நாடே. விளைவு கடுமையாக இருந்தது. ஏப்ரல் 18ஆம் நாள் முதல் மாஸ்கோ பொருளாதார முற்றுகை இட்டது. எண்ணெய் வரத்து நின்றது. எரிவாயு பெரிதும் குறைக்கப்பட்டது. ஊர்திகள் ஓடவில்லை, தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மேனாடுகள் வாயால் வாழ்த்தினவேயன்றிக் கை கொடுக்க அஞ்சின. கொர்பச்சோவுக்கு இடையூறு நேரலாகாது என்பது அவற்றின் கவலை. பிரெஞ்சுத் தலைவர் மித்தெரானும் செருமானியத் தலைவர் கோலும், அறிவிப்பின் விளைவுகளைச் சிறிது காலம் நிறுத்தி வைக்குமாறு கடிதம் எழுதினர்.

லாண்ட்ஸ்பெர்கிஸ் என் செய்தார்? பிடிவாதக்காரர் என்று பெயர் பெற்ற அவர், சூன் 29ஆம் நாள் பேரவையை ஒரு தீர்மானத்துக்கு இணங்கச் செய்தார். பேச்சு தொடங்கும் நாள் முதல் நூறு நாட்களுக்கு, மார்ச்சு 11ஆம் நாள் சட்டத்திலிருந்து எழும் செயல்களை நிறுத்தி வைப்பது என்பதே அத்தீர்மானம். நேயர்கள் இதை ஊன்றி நோக்க வேண்டும். நிறுத்தி வைத்தது செயல்களை, சட்டத்தை அன்று. இசையில் ஓய்வு என்று ஒன்று உண்டு. அவ்விடத்தில் ஒலி இராது. ஆனால் தாளம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓய்வை எண்ணத் தெரியாதவன் அடுத்த ஒலியைத் தவறவிடுவான். எழுபது நாளுக்கும் மேலாக நீடித்த முற்றுகை சூலைத் தொடக்கத்தில் நீங்கியது. சட்டமோ ஓர் எழுத்தும் குறையாமல் நின்றது.

பெருஞ்சோதனை 1991 சனவரியில் வந்தது. விலையேற்றத்தைக் காரணமாகக் காட்டி, 8ஆம் நாள் எதிர்ப்பாளர் கூட்டம் ஒன்று பேரவைக் கட்டடத்தைத் தாக்க முனைந்தது. அப்போது லாண்ட்ஸ்பெர்கிஸ் வானொலி, தொலைக்காட்சி வாயிலாக மக்களை அழைத்தார். மக்கள் வந்தனர். பேரவைக் கட்டடம், வானொலி நிலையம், தொலைக்காட்சிக் கோபுரம் ஆகியவற்றைச் சூழ்ந்து இரவு பகலாகக் காத்தனர். உறைபனியில் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டே பாடினர். அவர்கள் கையில் படைக்கலம் இல்லை.

13ஆம் நாள் பின்னிரவில் சோவியத் தாங்கிகள் தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்கி வந்தன. அன்றைய தாக்குதலில் உயிர் நீத்தோர் 14 பேர். காயமுற்றோர் பல நூற்றுவர். வானொலி, தொலைக்காட்சி நிலையத்துக்குள்ளும் படைவீரர் புகுந்தனர். அவர்கள் உள்ளே வரும்போதும் அறிவிப்பாளர் நடப்பதை நேயர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னர் ஒலி அடங்கியது. வானொலி ஒலிவாங்கியின் முன் அமர்ந்து இதைச் சொல்லும்போது என் உள்ளம் நெகிழ்கிறது. படை முதலில் கைப்பற்ற நினைத்தது கருவூலத்தை அன்று, குரலை. ஆனால் குரல் நெடுநேரம் அடங்கவில்லை. கௌனாஸ் நகரத்தின் சிறிய நிலையம் விரைவிலேயே ஒலிபரப்பை ஏற்றுக்கொண்டது. பல மொழிகளில் உலகத்தை அழைத்தது. பேரவைக் கட்டடத்துள் லாண்ட்ஸ்பெர்கிஸும் உறுப்பினரும் இருந்தனர்; வெளியே பல்லாயிரவர் அகலாது நின்றனர். அக்கட்டடத்தைப் படைகள் தாக்கவில்லை.

இவ்விடத்தில் நம்மோடு தொடர்புடைய ஒரு செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். படைக்கலமின்றி அறத்தால் நிற்கும் போர்முறையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வளர்த்தபோது, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்க 1910இல் 1,100 ஏக்கர் நிலத்தை உவந்தளித்தவர் ஹெர்மன் காலன்பாக். அங்கு தங்கியோருள் தமிழ் மக்கள் பலர். அந்நிலமே டால்ஸ்டாய் பண்ணை. காலன்பாக் லித்துவேனியாவில் பிறந்த யூதர். அந்நாட்டின் ருஸ்னே என்னும் ஊரில் காந்தியடிகளும் காலன்பாக்கும் அருகருகே நிற்கும் சிலை ஒன்று 2015 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது.

சனவரிக் குருதி வீண்போகவில்லை. பிப்ரவரி 9ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடுதலைக்கு இசைந்தனர். அடுத்த சில நாட்களிலேயே ஐசுலாந்து என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு லித்துவேனியாவை ஏற்கும் முடிவை அறிவித்தது. பெருநாடுகள் தயங்கியபோது துணிந்தது அச்சிறு நாடே. ஆகஸ்டில் மாஸ்கோவில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறிந்தது. செப்டம்பர் 6ஆம் நாள் சோவியத் அரசே ஒப்புக்கொண்டது. இந்தியாவும் அம்மாதத்திலேயே ஏற்றது. 17ஆம் நாள் லித்துவேனியா ஐக்கிய நாடுகள் அவையில் இடம்பெற்றது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அதைக் காவியம் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் அரசியல் காவியம் அன்று. விடுதலை பெற்ற நாட்டில் விலைவாசி உயர்ந்தது. கூட்டுப் பண்ணைகளைக் கலைத்த முறையில் உழவர் பலர் இடருற்றனர். எரிபொருள் இன்றி வீடுகள் குளிர்ந்தன. பேராசிரியரின் பேச்சில் கண்டிப்பு மிகுதி, கனிவு குறைவு என்று மக்கள் கருதினர். மாற்றுக் கருத்தினரை அவர் எளிதில் ஐயுறுகிறார் என்றும் குறை கூறினர். அக்குறையில் உண்மையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். பிழை திருத்தும் பழக்கம் ஆசிரியர்க்கு நல்லது. நாட்டு மக்களை எப்போதும் பிழை திருத்திக்கொண்டே இருத்தல் தலைவர்க்கு நல்லதன்று. வலிமை மிக்க குடியரசுத் தலைவர் பதவி ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று அவர் தரப்பினர் கோரிய வாக்கெடுப்பு, 1992 மே மாதத்தில் போதிய ஆதரவு பெறவில்லை. அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில், 141 இடங்களுள் 73 இடங்களைப் பிரசௌஸ்காசின் கட்சி வென்றது. மார்ச்சு 11ஆம் நாள் 38 வாக்குகளே பெற்றுத் தோற்றவர் இப்போது நாட்டின் தலைவரானார். விடுதலை வாங்கித் தந்தவர் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார்.

என் மாணவர்க்கு நான் எடுத்துக் காட்ட விரும்பும் பகுதி, வெற்றியைக் காட்டிலும் இத்தோல்வியே. மக்கள் வாக்கால் வந்தவர் மக்கள் வாக்கால் இறங்கினார். ‘நான் இல்லையேல் நாடு இல்லை’ என்று படையை அழைக்கவில்லை. சினந்து நாட்டை விட்டு அகலவுமில்லை. 1993இல் புதிய கட்சி ஒன்றை அமைத்தார். 1996இல் அக்கட்சி வென்றது; 2000 வரை அவர் பேரவைத் தலைவராக இருந்தார். இடையில், 1997இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று மூன்றாமிடமே பெற்றார், அதையும் பொறுத்தார். 2004இல் லித்துவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குச் சென்று, 2014 வரை பணியாற்றினார். இத்தனைக்கும் நடுவே சியுர்லியோனிஸை விட்டாரில்லை. அவரைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவருடைய பியானோ இசையை ஒலிப்பதிவு செய்தும் வெளியிட்டார்.

பாட வல்லவருக்கு ஆளவும் வருமா என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். இசையின் இனிமையைக் கொண்டு எவரும் ஆண்டுவிட முடியாது. ஆனால் இசைக் கல்வி தரும் ஒழுக்கம் சில உண்டு. எழுதியதை எழுதியவாறே படித்தல், இடைச்செருகலுக்கு இடங்கொடாமை, ஓய்வைப் பொறுமையோடு எண்ணுதல், பிறர் குரலைக் கேட்டுத் தன் குரலை அளவிடுதல் ஆகியன அவை. இவற்றுள் முதல் மூன்றும் லாண்ட்ஸ்பெர்கிஸுக்கு நிரம்ப வாய்த்திருந்தன. அவற்றால் அவர் நாட்டை மீட்டார். நான்காவது சிறிது குறைந்தது. அதனால் தேர்தலில் தோற்றார். அம்மீட்சியும் தோல்வியும் ஆகிய இரண்டுமே அந்நாட்டு மக்களின் கையெழுத்தில் எழுதப்பட்டவை. அதனை அவரும் திருத்த முயலவில்லை.